கவ்வாத்துக் கத்தியும் கச்சான் காற்றும்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளையிலிருந்து பசறை வழியாகக் கிழக்கே இறங்கும் பெருந்தெரு, லுணுகலையைத் தாண்டிப் பிபிலைக்கும் அங்கிருந்து மகாஓயா, செங்கலடிக்கும் போகிறது. மலைநாடு முடிந்து வெல்லச சமவெளி தொடங்கும் ஓரத்தில் இருக்கிறது லுணுகலை. அதைச் சுற்றி ஹொப்டன், அடாவத்தை, அப்பால் மடுல்சீமை என்று தோட்டங்கள். இந்தச் சரிவுகளில் இன்று கண்ணில் படும் மரங்களில் பெரும்பாலானவை தன்போக்கில் வளர்ந்தவை அல்ல. தேயிலை, அதற்கு நிழல் தரும் சவுக்கு, முள்முருங்கை, விறகுக்காக நட்ட டர்பன்டைன் எல்லாமே கையால் நட்டு, வாது தறித்து, மறுபடி தளிர்க்கவிட்டு, மறுபடியும் தறித்து வளர்க்கப்பட்டவை. (தமிழ்நாட்டுக் கடற்கரைச் சவுக்கு வேறு, மலையகத்தில் சவுக்கு என்றால் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த கிரெவிலியா. டர்பன்டைன் என்பது யூகலிப்டஸ்.) ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் துரைகளையும் கம்பனிகளையும் தாவரவியலாளர்களையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தொழிலாளரைப் பற்றி எழுதியவர்கள் கடனையும் கூலியையும் குடியுரிமையையும் பற்றி எழுதினார்கள். அவை எழுதப்பட்டே ஆக வேண்டியவை. ஆனால் இரண்டு தரப்பும் விட்டுப்போன ஒன்று உண்டு. மரத்தை எப்போது வெட்டுவது, எங்கே வெட்டுவது, எதை வெட்டாமல் விடுவது என்ற அறிவு மலையில் நிரை பிடித்து நின்றவர்களின் அன்றாடப் பேச்சில்தான் பெருமளவு தங்கியிருந்தது. அந்தப் பேச்சை ஒரு வேளாண் அறிவாக, வரலாற்றுக்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

முதலில் வேலையைப் பார்ப்போம். தேயிலை இடுப்பளவுச் செடி என்று நினைத்துப் பழகிவிட்டோம். கத்தி படாமல் விட்டால் அது முப்பதடிக்கும் மேல் வளரக்கூடிய மரம். விதைக்காக விட்டு வைத்த பழைய தேயிலைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதை முழங்கால் உயரத்துக்கு அருகே வெட்டி இறக்குவதால்தான் கொழுந்து கைக்கு எட்டுகிறது. அந்த வேலைக்குப் பெயர் கவ்வாத்து. வெட்டுவதற்கு முன்னால் சில வாரங்கள் கொழுந்து எடுக்காமல் மலையை ஆறப்போட வேண்டும். வேரில் மாச்சத்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் பென்சில் பருமனுள்ள வேரை நறுக்கி அயடின் தடவுவார்கள். நன்றாகக் கறுத்தால் மரம் வெட்டைத் தாங்கும். அயடின் குப்பி இல்லாதவர் மரத்தின் நிறத்தையும் இலையின் தடிப்பையும் வாதின் பட்டையையும் வைத்தே முடிவுக்கு வர வேண்டும். பிறகு கத்தி. ஒரே இழுப்பில் வாது அறுபட வேண்டும். இரண்டு மூன்று தரம் கொத்தினால் பட்டை கிழியும், கிழிந்த இடத்தில் தண்ணீர் நின்று உளுக்கும். வெட்டுவாய் சாய்வாக இருக்க வேண்டும். போன கவ்வாத்தின் முடிச்சுக்கு ஓரிரு அங்குலம் மேலே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழைய முடிச்சிலிருந்து நோஞ்சான் குச்சிகள் கிளம்பும். உள்ளே ஒன்றோடொன்று உரசும் குச்சிகளையும் செத்த கட்டையையும் எடுத்துவிட வேண்டும். சரிவில் நிற்கும் மரத்தை மட்டம் பார்த்து வெட்டக்கூடாது. நிலத்தின் சாய்வு எப்படியோ வெட்டின் சாய்வும் அப்படி. தண்டில் படர்ந்த பாசியைச் சுரண்ட வேண்டும். வெட்டிய வாதுகளை எடுத்து அந்த மரத்தின் மேலேயே மூடிப் போட வேண்டும். திடீரென்று திறந்துவிடப்பட்ட கட்டையில் வெயில் நேராக விழுந்தால் பட்டை வெந்துபோகும். இதில் எதையும் ஒருவன் தாளில் படித்துக் கற்றுக்கொள்வதில்லை. பக்கத்து நிரையில் நிற்கும் மாமனோ அண்ணனோ கங்காணியோ அவன் வெட்டிய மரத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் சொல்லிலிருந்து கற்கிறான். கத்தியைத் தீட்டும் நேரத்திலும் தேத்தண்ணி நேரத்திலும் அந்தப் பேச்சுத் தொடரும்.

ஊவாவில் இந்த வேலைக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு; அது காலம். மேற்குச் சரிவுத் தோட்டங்களில் தென்மேற்குப் பருவம் மழையைக் கொட்டும் மாதங்களில், அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவுக்கு வரும்போது ஈரம் இழந்து வரட்டுக் காற்றாக இறங்குகிறது. இதுதான் கச்சான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அது அடிக்கும் நாட்களில் தேயிலை வளர்ச்சி குறைந்து, இலையில் மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயரும் விலையும் வாங்கிக் கொடுத்தது அந்தச் சில வாரக் கொழுந்துதான். இங்கே பெருமழை வாடைக்காற்றோடு ஆண்டின் கடைசியில் வருகிறது. ஆகவே மேற்குச் சரிவிலுள்ள தலவாக்கலைக்குப் பொருந்தும் நாட்காட்டி லுணுகலைக்குப் பொருந்தாது. வெட்டிய மரம் மொட்டையாகக் கச்சானில் மாட்டிக்கொள்ளக்கூடாது. மண்ணில் ஈரம் இருக்கையில் வெட்டி, தளிர் பிடித்த பிறகே அது வரட்சியைச் சந்திக்க வேண்டும். தோட்டத்துக்கோ மணக்காலத்துக் கொழுந்தை விட மனம் வராது; கவ்வாத்து வெட்டிய மலை மாதக் கணக்கில் கொழுந்து தராது. மரத்தின் தேவையும் விலையின் தேவையும் ஒரே மாதங்களில் மோதும் இடம் இது. இதில் எந்த மலையை முதலில் வெட்டலாம், எது பொறுக்கும், எது பொறுக்காது என்பது ஒவ்வொரு மலைமுகத்துக்கும் வேறுபடும். காற்றைப் பார்த்த முகம், காற்றுக்கு மறைவான முகம், கல்லு மலை, ஆற்றோரப் பணிய மலை என்று தொழிலாளர் பேச்சில் மலைகள் பிரிந்து கிடப்பது சும்மா அடையாளத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெயர்களில் மண்ணும் காற்றும் ஈரமும் பற்றிய கணக்கு இருக்கிறது.

இந்த அறிவு எவ்வளவு முக்கியம் என்பதை, அது இல்லாதபோது என்ன நடந்தது என்பதிலிருந்து பார்க்கலாம். அதற்கு லுணுகலையை விட்டு வெகுதூரம் போகவேண்டியதில்லை. தேயிலைக்கு முன்பு இங்கே இருந்தது கோப்பி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கி, தோட்டக்காரருக்கு விற்க வழி செய்தது. கோப்பி வளர்ப்பு முறை இன்னொரு கடலிலிருந்து வந்தது. ஆர். பி. டைட்லர் என்ற தோட்டக்காரர் 1837இல் மேற்கிந்தியத் தீவு முறையைக் கொண்டுவந்தார். லாபோரி என்பவர் 1798இல் சான் டொமிங்கோவின் கோப்பித் தோட்டங்களைப் பற்றி எழுதிய நூல்தான் இலங்கைத் தோட்டக்காரர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டி. அது அடிமைகளைக் கொண்டு நடந்த ஒரு தீவின் நூல். 1866இல் சபொனடியேர் என்பவர் இலங்கைக்கென்றே ஒரு கையேடு எழுதினார். இந்த முறைகளின்படி காடு முற்றாகக் கழிக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, மலை மலையாகக் கோப்பி ஒன்றே நின்றது. நிழலுக்கோ காற்றுத் தடுப்புக்கோ பெரிதாக மரம் விடவில்லை. கண்டிச் சீமையின் கிராமத்து வளவுகளில் அதே கோப்பி பலா மரத்தடியிலும் கித்துள் மரத்தடியிலும் கலந்து நின்று காய்த்துக்கொண்டிருந்தது. அதைத் தோட்டக்காரர்கள் ஒழுங்கற்ற சாகுபடி என்றே பார்த்தார்கள்.

1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் துவைட்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பெர்க்லி, புரூம் என்ற பூஞ்சையியலாளர்கள் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். உலகக் கோப்பி வரலாற்றையே மாற்றிய இலைத்துரு நோய் தோட்டக் கோப்பியில் முதன்முதல் கவனிக்கப்பட்டது லுணுகலைக்குப் பக்கத்து மலையில். சில ஆண்டுகளில் அது தீவு முழுக்கப் பரவியது. இளம் தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்ட் 1880இல் வந்து இரண்டு ஆண்டுகள் இருந்து ஆராய்ந்தார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து நோயின் வித்துக்களைப் பிடித்துக் காட்டினார். காற்றில் போகும் வித்துக்களுக்கு மைல் கணக்கில் தடையின்றி ஒரே பயிரை விரித்துவைத்ததே அழிவின் வேகத்துக்குக் காரணம் என்பது அவருடைய வேலையிலிருந்து தெளிவாயிற்று. நிழல் மரமோ காற்றுத்தடுப்போ இருந்திருந்தால் கோப்பி தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஈரம் கூடிய நிழலும் இந்தப் பூஞ்சைக்கு உதவக்கூடும். ஆனால் தென்னிந்தியாவின் குடகில் அதே நோயும் தண்டுத் துளைப்பானும் வந்தபோது தோட்டங்கள் நிழலுக்கு மாறின; அங்கே கோப்பி இன்றுவரை நிலைத்திருக்கிறது. இலங்கையில் சின்கோனாவில் கொஞ்ச காலம் கை வைத்துவிட்டு எல்லாரும் தேயிலைக்குப் போனார்கள். நூலறிவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், இடத்தின் காற்றையும் மரங்களின் உறவையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊவாவின் முதல் ஐம்பது ஆண்டுகள் சான்று.

தேயிலை அந்தப் பாடத்தை ஓரளவு கற்றது. சவுக்கு உயர நிழலாகவும் முள்முருங்கை தாழ்ந்த நிழலாகவும் நடப்பட்டன. முள்முருங்கை காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடிக்கும் மரம். ஆண்டுக்கு இரண்டு தரம் வாது தறித்துத் தேயிலை நிரைகளுக்கிடையே பரப்பினால் உரமும் ஆகும், மண்ணுக்கு மூடாக்கும் ஆகும். இந்த வாது வெட்டு கவ்வாத்தைவிட ஆபத்தான வேலை. முள்முருங்கைக் கட்டை பஞ்சு போன்றது. பார்வைக்குத் தடித்த வாதுகூட ஆள் பாரத்தில் மடக்கென்று முறியும். சவுக்கு வாதும் நம்பத்தக்கதல்ல. தடித்த வாதை மேலிருந்து மட்டும் வெட்டினால் அது விழும்போது தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். ஆகவே முதலில் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, பிறகு மேலே சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, கடைசியாக மீந்த மொட்டை. இங்கிலாந்தில் மரம் பராமரிப்போருக்குச் சான்றிதழ் வகுப்பில் சொல்லித்தரும் அதே விதி இது. சரிவில் வாது விழும் திசையைக் கணிப்பதும், கீழே கொழுந்து எடுக்கும் பெண்களை முன்கூட்டியே கூப்பிட்டு விலக்குவதும், மழை நனைந்த தண்டில் ஏறாமல் இருப்பதும் இதே பேச்சின் பகுதி. இவற்றோடு குளவி. உயர மரங்களில் கூடு கட்டும் குளவியும் பெருந்தேனீயும் கலைந்து கொட்டித் தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி மலையகத்தில் ஓயாமல் வருகிறது, உயிரிழப்புகளும் உண்டு. எந்த மரத்தில் கூடு இருக்கிறது, எந்தக் காற்றில் அது கலையும் என்ற தகவல் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) வாய்வழி போவதுதான் பெரும்பாலான இடங்களில் இருக்கும் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு. எல்லா நிழலையும் ஒரே மூச்சில் இறக்கிவிடாமல், வரட்சிக்கு முன் கொஞ்சம் விட்டுவைத்து, மழைக்கு முன் திறந்துவிடுவது என்ற கணக்கும் இதில் சேரும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. நிழல் மரத்தை அறிமுகம் செய்தது தொழிலாளியா? ஒவ்வொரு உயரத்துக்கும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து என்று கணக்கிட்டது யார்? 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, பின்பு தலவாக்கலை செயின்ட் கூம்ஸில் நிலைபெற்று, நோய்க்கும் பூச்சிக்கும் மருந்து கண்டது. 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் தீவுக்குள் வந்தபோது செம்பு மருந்தையும், நிழலைக் குறைக்கும் யோசனையையும், கவ்வாத்துக் காலத்தை மாற்றும் யோசனையையும் தந்தது விஞ்ஞானம்தான். தொழிலாளி சொன்னதைச் செய்தான், அவ்வளவுதானே? இதற்கு என் பதில், அறிவு இரண்டு வகை என்று பிரித்து ஒன்றை உயர்த்துவது அல்ல. விஞ்ஞானி தருவது பொதுவிதி. நோயின் வாழ்க்கைச் சுற்றை மலையில் நின்று ஊகிக்க முடியாது. அதற்கு நுண்ணோக்கி வேண்டும். ஆனால் பொதுவிதி ஒரு மரத்தில் வந்து இறங்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு தேவைப்படுகிறது. உளுத்த கட்டையுள்ள மரத்தை எவ்வளவு கீழே இறக்குவது? மெலிந்த மரத்தில் ஓரத்து வாதுகள் ஒன்றிரண்டை வெட்டாமல் மூச்சுக்கு விடச் சொல்கிறது ஊவா போன்ற வரண்ட பகுதிகளுக்கான பரிந்துரை. எந்த இரண்டை விடுவது? ஓர் ஏக்கரில் ஆயிரக்கணக்கான மரங்கள். மேற்பார்வை பார்க்கும் ஒரு கண்டக்டரோ சின்னத்துரையோ ஒவ்வொன்றின் மேலும் குனிந்து பார்க்க வழியில்லை. வெட்டுகிறவன் கையில்தான் அந்த முடிவு இருந்தது. ஊவாவுக்கென்று பசறையில் ஒரு கிளை நிலையம் வைக்க வேண்டி வந்ததே, தலவாக்கலையில் கண்ட விதி மலைக்கு இந்தப் பக்கம் அப்படியே செல்லாது என்பதற்கு ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஒப்புதல்.

துரைமாருக்கும் இது தெரிந்திருந்தது என்பதற்கு அவர்கள் படித்த புத்தகங்களே சாட்சி. சின்னத்துரைகளுக்கு வேலைத்தமிழ் சொல்லித்தர ஃபெர்குசன் அச்சகம் 'இங்கே வா' என்ற கையேட்டை வெளியிட்டது. வெல்ஸ் என்பவர் 1915இல் 'கூலித் தமிழ்' என்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். தலைப்பிலேயே இழிவு இருக்கிறது. அதிகாரம் செய்ய எழுதப்பட்ட ஏவல் தமிழ் அது. இருந்தும், ஒரு பேரரசின் தோட்ட நிர்வாகம் தன் வேலைமொழியாக ஆங்கிலத்தைத் திணிக்க முடியாமல் தமிழை எடுத்துக்கொள்ள நேர்ந்தது கவனிக்கத்தக்கது. மலையில் நடக்கும் காரியங்களுக்கான சொற்கள் அந்த மக்களிடம் முன்பே இருந்தன. சேலத்திலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் மதுரையிலும் வாது, நிரை, கான், கட்டை என்று பேசி நிலத்தில் வேலை செய்தவர்கள் அதே சொற்களோடு வந்து, அவற்றை ஒரு புதிய மரத்துக்குப் பழக்கினார்கள். வேலையின் அளவு, பிழை, நேர்த்தி எல்லாம் அந்தச் சொற்களிலேயே பேசப்பட்டன. கட்டளை மேலிருந்து வந்தது. கட்டளை எழுதப்பட்ட மொழி கீழிருந்து போயிற்று.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. கடனிலும் கங்காணி முறையிலும் கட்டுண்டு கிடந்தவர்களின் வேலையைக் கைத்திறன் என்று புகழ்வது அந்தக் கொடுமைக்கு மெருகு பூசுவதாகாதா? 1865ஆம் ஆண்டின் சட்டம் முன்னறிவிப்பில்லாமல் வேலையை விட்டுப் போவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கடனோடு சேர்த்து ஆளை மாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இதே மக்களை நாடற்றவர்களாக்கியது. கவ்வாத்து மரக் கணக்குப்படி நடக்கும் வேலை. கணக்கு முடியாவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிக் கூலி. தோட்டத்து வாழ்வின் இழப்புக்குக் கவ்வாத்தையே குறியீடாக எடுத்துக்கொண்ட எழுத்தாளர்களும் உண்டு, தி. ஞானசேகரன் தம் குறுநாவலுக்கு அந்தப் பெயரையே வைத்தார். இதையெல்லாம் மறந்துவிட்டு மலையில் ஞானம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதுவது பொய்யாகும். ஆனால் அந்த மறுப்பு முழுதும் ஏற்கப்பட்டால் என்ன மிஞ்சும் என்றும் யோசிக்க வேண்டும். கடன் பத்திரமும் பெரட்டுப் பேரேடும் தொழிலாளரை ஆள் கணக்காகவே பதிந்தன. அவர்களுக்கு இழைக்கப்பட்டதை மட்டும் எழுதும் வரலாறும், எவ்வளவு பரிவோடு எழுதினாலும், அவர்களை அந்தப் பேரேடு காட்டியபடியே காட்டிவிடுகிறது. அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், பறிக்கப்பட்டது உடல் உழைப்பு மட்டும் அன்று என்பது தெரியவரும். அறிவுக்கும் சேர்த்துத்தான் கூலி தராமல் விட்டார்கள்.

பேச்சு காற்றோடு போய்விடுமே, ஆதாரம் எங்கே என்று கேட்கலாம். இரண்டு இடங்களைக் காட்டுவேன். ஒன்று மரமே. ஊவாவில் வீ.பி. (தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த) தேயிலைக்கு முந்திய, விதையிலிருந்து வந்த பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொரு கவ்வாத்தும் கட்டையில் ஒரு முடிச்சை விட்டுப் போகிறது. ஒழுங்காக வெட்டப்பட்ட மரத்தில் முடிச்சுகள் சிறு இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும், சட்டம் கிண்ணம்போல் விரிந்திருக்கும். அவசரத்தில் வெட்டிய ஆண்டு ஒரு பக்கத்தில் உளுத்த குழியாகத் தெரியும். நூறு வயதைத் தாண்டிய மரம் இன்னும் கொழுந்து தருகிறதென்றால், அதைச் சுமார் முப்பது தரம் வெட்டிய கைகள் பெரும்பாலும் சரியாகவே முடிவெடுத்திருக்கின்றன. இன்னொரு ஆதாரம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவு செய்தது. அவர்களில் ஒரு பகுதியினரை மறுவாழ்வு என்று நீலகிரிக்குக் கொண்டுபோய், தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், பின்னாளில் டான்டீ என்று பெயர் பெற்ற நிறுவனத்தில், வேலைக்கு வைத்தார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அவர்கள் புதிதாகக் காடு கழித்துத் தேயிலை நட்டு, கவாத்து வெட்டி வளர்த்தார்கள். நிலமும் வீடும் ஊரும் பறிபோன பிறகும் கையோடு போனது இந்த வேலையறிவு. அது இலங்கைத் தோட்டக் கம்பனிகளின் சொத்தாக இருந்திருந்தால் கப்பலேறியிருக்காது.

இதுவரை ஆண்களின் வேலையைப் பற்றியே சொல்லிவந்தேன். கவ்வாத்தும் வாது வெட்டும் ஆண்கள் வேலையாகவே பிரிக்கப்பட்டிருந்தன. கைத்திறன் வேலை என்ற பெயரும் அவற்றுக்கே. கொழுந்து எடுப்பது விரல் வேகம் என்று மட்டும் மதிக்கப்பட்டது. பெண்ணுக்கு ஆணோடு சமமான நாட்கூலி 1984இல்தான் வந்தது. மரத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் பிரிவினை பொருந்தாது. கவ்வாத்துக்காரர் ஒரு மரத்தைச் சந்திப்பது மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. கொழுந்து எடுப்பவர் வாரத்துக்கு ஒருமுறையாவது அதே நிரைக்கு வருகிறார். வெட்டிய மரம் தளிர்த்து எழும்போது, முதல் கொழுந்தை எந்த உயரத்தில் கிள்ளுவது என்பதில்தான் அதன் அடுத்த சில ஆண்டுகள் நிர்ணயமாகின்றன. மட்டக்கம்பை வைத்து அந்த உயரத்தைப் பிடித்துக் கிள்ளுகிறவர்கள் பெண்கள். அவசரப்பட்டுத் தாழக் கிள்ளினால் மரத்துக்குப் பராமரிப்பு இலை போதாமல் போகும். விட்டுக் கிள்ளினால் மட்டம் எழும்பிக் கைக்கு எட்டாமல் போகும். எந்த மரம் கவ்வாத்துக்குப் பிறகு எழவில்லை, எதன் வாது துளைப்பான் புழுவால் உள்ளே பொள்ளலாகிக் கொழுந்து எடுக்கையில் கை பட்டாலே முறிகிறது, எந்த இடத்தில் நிழல் கூடிக் கொப்புளம் முதலில் தெரிகிறது என்ற செய்திகள் நிரையில் ஒருவருக்கொருவர் பேசும் பேச்சில்தான் முதலில் வெளிவருகின்றன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அது கங்காணியின் காதுக்குப் போய், அங்கிருந்து ஆபீசுக்குப் போனால், அறிக்கையில் ஏறும்போது சொன்னவரின் பேர் இருக்காது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, தேயிலைக்குத் தழை உரம் போடுங்கள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆலோசனை வந்தது. முள்முருங்கை வாதைத் தறித்து நிரையில் பரப்பும் பழக்கம் அதுதானே? ஆனால் தழை தருவதற்கு மரமும், அதைக் காலம் பார்த்துத் தறிக்க ஆளும் இருந்தால்தான் அந்த ஆலோசனை பயன்படும். நிழல் மரங்கள் விறகுக்கும் பலகைக்கும் போய், மறுநடுகை பின்தங்கி, அனுபவமுள்ளவர்கள் வயதாகி ஒதுங்கிய மலைகளில் அதைச் செய்ய வழி இருக்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. அந்த வீழ்ச்சிக்கு உரத்தடைதான் முதற்காரணம். அதைத் தாங்கிக்கொள்ளும் வலு தோட்டங்களுக்கு இல்லாமல் போனதற்குப் பழைய மர வேலை நலிந்ததும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இப்போது கவ்வாத்துக்கு எஞ்சின் வைத்த வெட்டுக் கருவிகள் வந்துவிட்டன. ஆள் இல்லை, இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள், வேறென்ன செய்வது என்று தோட்ட நிர்வாகங்கள் கேட்கின்றன. இளைஞர் போனதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாட்கூலி 1,000 ரூபாயாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த ஒரு தொழிலில் இருந்து எவரும் வெளியேறத்தான் பார்ப்பார்கள். கருவியையும் நான் எதிர்க்கவில்லை. ஒத்த உயரமும் ஒத்த வயதுமுள்ள வீ.பி. மலையில் அது கையைவிட வேகமாகவும் ஓரளவு நேர்த்தியாகவும் வேலை செய்யும். பழைய மரங்கள் நிற்கும் செங்குத்துச் சரிவில், உளுத்த கட்டையையும் உயிருள்ள கட்டையையும் ஒரே உயரத்தில் அது வெட்டிக்கொண்டு போகும்போது, பின்னால் ஒருவர் கத்தியோடு போய்ச் சிம்பு தெறித்த வாதுகளைச் சீவி, செத்ததை எடுத்து, விட வேண்டியதை விட வேண்டியிருக்கிறது. கருவியை ஒப்பந்தத்துக்கு வெளியாரிடம் கொடுக்கும் தோட்டங்களில் அந்தப் பின்வேலைதான் முதலில் விடுபடுகிறது. மரத்துக்கு இவ்வளவு என்று காசு பேசிக்கொண்டு வருகிறவருக்கு அந்த மலை கச்சானில் எப்படி இருக்கும் என்று தெரிய வாய்ப்பில்லை. பசறையிலுள்ள ஆராய்ச்சிக் கிளையிடம் மண் பரிசோதனை முடிவுகள் கிடைக்கக்கூடும். அதே மலைகளில் முப்பது நாற்பது ஆண்டு கத்தி பிடித்தவர்களும் கொழுந்து எடுத்தவர்களும் லுணுகலை லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். எந்த மலைமுகத்தை எந்த மாதத்தில் வெட்டினார்கள், எது எழும்பியது, எது எழும்பவில்லை, எங்கே நிழலைத் தாழ்த்தியதால் மரம் வெந்தது என்று அவர்களிடம் கேட்டு அந்தப் பரிசோதனை முடிவுகளின் பக்கத்திலேயே, சொன்னவர் பேரோடு, தமிழில் எழுதிவைப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் சில மாத நேரமும் போதும்.